மௌத்துக்குப் பின் பாடும் குரல்: ஏ.ஆர். ரஹ்மானின் அண்மைக்காலப் பாடல்களை முன்வைத்து

டிசெம்பர் போயாவோடு மலைப் பருவகாலம் ஆரம்பமாகிவிட்டால் நல்லதண்ணியில் பாட்டுக்குக் குறைவிருக்காது. யாத்திரை வருகின்ற பஸ்கள் பாடும், பாதையோரக் கடைகள் பாடும். சிங்களப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் பனிமூட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலக்கும். நாங்கள் பாவா ஆதம் மலை என்றும் மற்றவர்கள் சிவனொளிபாதம் என்றும் ஸ்ரீபாத என்றும் அழைக்கின்ற அந்த மலை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கும். 2024 டிசெம்பரில் அப்படியொரு மாலையில் தேத்தண்ணிக் கடையொன்றில் எனது பழைய மாணவனொருவனைக் கண்டேன். கொழும்பில் கடையொன்றில் வேலை. லீவில் வந்திருந்தான்.

"சேர், ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். எங்கப்பா பாடுன துண்டு ஒன்னு என் போன்ல இருக்கு. நாலு நிமிஷம். அத வச்சு அவர முழுசா பாட வைக்கலாமாம். ரஹ்மானே செஞ்சிருக்காரு தானே? வாற காமன் கூத்துக்கு அப்படிச் செஞ்சி போட்டா என்ன?"

அவனுடைய தகப்பனை எனக்குத் தெரியும். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். மாசி மாதம் வந்தால் அவர்தான் ரதியின் ஒப்பாரியைப் பாடுவார். 2021இல் காலமானார். அவருக்குப் பின்பு அந்தப் பாட்டுகளை முழுமையாக அறிந்தவர் எங்கள் டிவிசனில் இல்லை. நான் உடனே பதில் சொல்லவில்லை. "பாட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிக் கேட்ட கேள்வியின் விளைவுதான். இசையிலக்கணம் நான் படித்ததில்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் யாப்பு படித்தேன். விடுதியில் ஒரு பழைய கசட் றெக்கோடரில் ரஹ்மானைப் படித்தேன். என் தகுதி அவ்வளவே.

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'லால் சலாம்' 2024 பெப்ரவரியில் வெளியானது. அதன் பாடல்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அவற்றில் 'திமிறி எழுடா' என்ற பாட்டைப் பாடியவர்களாக பம்பா பாக்யா, ஷாஹுல் ஹமீத் என்ற இருவரின் பெயர்கள் வருகின்றன. பம்பா பாக்யா 2022 செப்டெம்பரில் காலமானவர். மர்ஹூம் ஷாஹுல் ஹமீத் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வீதி விபத்தில் மௌத்தானவர். இருவரும் இந்தப் பாட்டைப் பாடவில்லை. செயற்கை நுண்ணறிவு கொண்டு அவர்களது குரல்கள் உண்டாக்கப்பட்டன. சர்ச்சை எழுந்தபோது, இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்றதாகவும் உரிய சன்மானம் கொடுத்ததாகவும் ரஹ்மான் அறிவித்தார். சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பத்தால் தீங்கில்லை என்பது அவரது கருத்து.

ரஹ்மானை இயந்திரத்தின் பக்தர் என்று குறைசொல்வது புதிய பழக்கமல்ல. 'ரோஜா' 1992இல் வந்தபோதே, "இது கீபோர்ட் சத்தம், இதில் மனிதர் எங்கே?" என்று கேட்ட பெரியவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். அவர் இயந்திரங்களோடு வளர்ந்தவர் என்பது உண்மைதான். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த தகப்பனார் ஆர்.கே. சேகர் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. வீட்டிலிருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. பிறகு அந்தப் பையன் இளையராஜா உள்ளிட்ட பலரிடம் கீபோர்ட் வாசித்தான். 1989 அளவில் கோடம்பாக்கத்து வீட்டோடு 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்துக்கொண்டான். வாடகைக்குப் போய் வீடு திரும்பிய கருவியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இயந்திரம் என்பது அந்நியப் பொருளாக இருந்திருக்காது. ரஹ்மான் என்ற பெயர் உலகத்துக்குத் தெரியுமுன்பே அவரது கைவண்ணத்தில் 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமியப் பாடல் ஒலிநாடா வெளியானதை நம் வாசகர்களில் சிலராவது அறிவார்கள்.

ஆனால் அந்த முதல் பத்தாண்டை இப்போது திரும்பக் கேட்கும்போது எனக்குப் படுவது வேறு. இயந்திரத்தைச் சுற்றிலும் நிறுத்திவிட்டு, நடுவில் வைப்பதற்கு அவர் தேடியலைந்தது தொண்டையை. மற்றவர்கள் வழக்கமான நாலைந்து பேரையே அழைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் யார்யாரையோ அழைத்தார். 'காதலன்' (1994) படத்து 'பேட்டை ராப்' பாட்டில் சுரேஷ் பீட்டர்ஸுடன் தேனி குஞ்சரம்மாளும் ஷாஹுல் ஹமீதும் பாடினார்கள். நாற்று நடுகிற வயலிலிருந்து நேராக வந்ததுபோன்ற ஒரு கிழவியின் குரலை ராப் பாட்டுக்குள் வைக்க வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்? 1997இல் 'வந்தே மாதரம்' இசைத்தொகுப்புக்கு நுஸ்ரத் ஃபதே அலி கானைப் பாடவைத்தார். அதே வருடம் நுஸ்ரத் மௌத்தானார். அந்தப் பாட்டில் நுஸ்ரத் மூச்சு வாங்குவதும் கேட்கும். அழித்துவிட ரஹ்மானுக்கு வசதி இருந்தது. அவர் அழிக்கவில்லை.

ஷாஹுல் ஹமீதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். மஸ்கெலியாக் கடைத்தெருவில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. வேண்டிய பாட்டுகளைக் கடுதாசியில் எழிதிக் கொடுத்து வெறும் கசட்டையும் கொடுத்தால் ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். 'திருடா திருடா' (1993) பாட்டுகளை அப்படித்தான் எடுத்தேன். அதில் 'ராசாத்தி' என்ற பாட்டு வந்ததும் வாப்பா றெக்கோடரைத் தட்டிப் பார்த்தார். "மியூசிக் பதியல்ல போல" என்றார். அவர் மேல் பிழையில்லை. அந்தப் பாட்டில் பக்கவாத்தியம் என்று சொல்ல ஏதுமில்லை. ஷாஹுல் ஹமீதின் ஒற்றைக் குரல், அதற்குப் பின்னால் கோரஸ் குரல்கள். இயந்திரங்களின் அரசன் என்று பெயரெடுத்த இளைஞர், இரண்டாவது வருடத்திலேயே இயந்திரங்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மனிதரைத் தனியே பாடவிட்டார். அந்தக் குரலில் மூக்கொலி கொஞ்சம் உண்டு. உச்சத்துக்குப் போகும்போது சொல் லேசாகச் சிதறும். பயிற்சி பெற்ற பாடகர் மறைத்திருப்பார். இவர் மறைக்கவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவனின் தொண்டை அது. அதே வருடம் 'ஜென்டில்மேன்' படத்தில் ஸ்வர்ணலதாவோடு 'உசிலம்பட்டிப் பெண்குட்டி' பாடியதும் அவர்தான். அங்கே அதே குரல் சிரிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒருவரைத் தெரிந்துகொண்டதுபோல இருக்கும். அவரது முகத்தை நான் நீண்ட காலம் பார்த்ததே இல்லை.

இனி அண்மைக்காலப் பாடல்கள். 2022இலிருந்து ரஹ்மான் தமிழில் ஏராளமாகத் தந்திருக்கிறார். எல்லாம் ஒரே தரமல்ல. 'ராயன்' (2024) படத்தின் 'அடங்காத அசுரன்' பாட்டில் அவரும் தனுஷும் பாடுகிறார்கள். தாளம் ஆளைப் பிடித்து இழுக்கிறது, இரண்டு கிழமையில் விட்டும்விடுகிறது. 'தக் லைஃப்' (2025) படத்து 'ஜிங்குச்சா' கலியாண வீட்டுக்கு உதவும். அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. அவரது இப்போதைய பாட்டுகளில் பொதுவாக எனக்கொரு குறையுண்டு. அடுக்குகள் கூடிவிட்டன. ஒன்றின்மேல் ஒன்றாக ஓசைகளை வைத்து, பாடுகிறவரின் குரலையும் அவற்றில் ஓர் அடுக்காக்கிவிடுகிறார். முன்பு இரண்டு சத்தங்களுக்கு நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் கேட்கிறவன் உட்காருவான். இப்போது உட்கார இடம் குறைவு.

விதிவிலக்குகள் உண்டு, அவைதான் என் கட்டுரைக்குத் தேவையானவை. 'வெந்து தணிந்தது காடு' (2022) படத்தில் தாமரை எழுதி மதுஸ்ரீ பாடிய 'மல்லிப்பூ' ஒன்று. தூரத்தில் உழைக்கும் கணவனை நினைத்து ஊரிலிருக்கும் மனைவி ஏங்குகிற பாட்டு. எங்கள் லயங்களில் கதை தலைகீழ்: தாய்மார்தான் சவூதியிலும் குவைத்திலும் இருக்கிறார்கள், பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை தாயின் குரல் தகவல்களைப் போனில் அழிக்காமல் சேர்த்து வைத்திருக்கிறாள். "சாப்பிட்டியா" என்பதைத் தவிர அவற்றில் பெரிதாக எதுவுமில்லை என்று அவளே சொன்னாள். மதுஸ்ரீயின் தாய்மொழி தமிழல்ல. சில எழுத்துகள் அவர் நாவில் தட்டுப்படுகின்றன. தமிழாசிரியனாகிய எனக்கு அது உறுத்த வேண்டும். உறுத்தவில்லை. தட்டுப்படுகிற இடத்தில்தான் பாடுகிற பெண் தெரிகிறாள்.

இன்னொன்று மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023) படத்தில் யுகபாரதி எழுதிய 'ராசா கண்ணு'. பாடியவர் நகைச்சுவை நடிகர் வடிவேலு. முப்பது வருடத்துக்கு முன் 'பேட்டை ராப்' காட்சியில் பிறர் குரலுக்கு ஆடியவர் இங்கே தானே பாடுகிறார். சுருதி சுத்தம் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்தக் குரல் தழுதழுக்கிறது, கரகரக்கிறது, ஓரிடத்தில் கீழே இறங்கிப் பேச்சாகிவிடுகிறது. பக்கவாத்தியம் ஒதுங்கி நிற்கிறது. சுருதியைக் கணினியில் திருத்துவது இன்று பொத்தானை அமுக்கும் வேலை என்று சொல்கிறார்கள். திருத்தியிருந்தால் அந்தப் பாட்டு செத்திருக்கும். எதைத் தொடக்கூடாது என்று ரஹ்மானுக்கு இன்றைக்கும் தெரியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. தெரிந்தவர் என்பதால்தான் 'திமிறி எழுடா' பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

2025 மே மாதம் நடந்த ஒரு கூத்தையும் இங்கே சொல்லலாம். 'தக் லைஃப்' படத்தின் 'முத்த மழை' பாட்டைத் தமிழில் பதிவுசெய்தவர் தீ. இசை வெளியீட்டு மேடையில் அவர் இல்லாததால் சின்மயி பாடினார். அதன்பின் தீயின் குரலா சின்மயியின் குரலா என்று தமிழ் உலகம் இரண்டு கட்சியாகிவிட்டது. எங்கள் ஆசிரியர் அறையிலும் கட்சி பிரிந்தது. சண்டை வேண்டாத சண்டைதான். ஆனால் அது ஒன்றைக் காட்டியது. மெட்டு ஒன்று, சொல் ஒன்று, இசையமைப்பாளர் ஒருவர், தொண்டை மாறியதும் பாட்டே மாறிவிட்டது. குரல் என்பது பாட்டுக்கு மேல் பூசுகிற வர்ணமல்ல.

குரலை வர்ணமாக எண்ணுவதில்தான் இந்தப் புதிய நுட்பத்தின் அடிப்படை இருக்கிறது. பொதுவாக இது இப்படித்தான் நடக்கிறது: இறந்தவரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து அவரது குரலின் தன்மையைப் பழக்குகிறார்கள். பிறகு உயிரோடிருக்கும் ஒருவர் புதிய பாட்டைப் பாடுகிறார். அவர் பாடிய மெட்டு, அசைவு, நிறுத்தம் அப்படியே இருக்க, குரலின் நிறம் மட்டும் இறந்தவருடையதாக மாற்றப்படுகிறது. அப்படியானால் உண்மையில் பாடியவர் யார்? அந்த உயிருள்ளவர். பெயர் யாருடையது? பாடாதவருடையது.

'திமிறி எழுடா' பாட்டை இருபது தடவைக்குக் குறையாமல் கேட்டேன். முதல் தடவை ஷாஹுல் ஹமீதின் குரல் வந்தபோது மனம் துள்ளியது என்பதை மறைக்க மாட்டேன். மஸ்கெலியாக் கடைத்தெரு, வாப்பா, வெறும் கசட் எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. ஐந்தாவது தடவை அந்தத் துள்ளல் இல்லை. பத்தாவது தடவை, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு சலிப்பு. பிறகு 'ராசாத்தி'யைப் போட்டுக் கேட்டபோதுதான் விளங்கியது. அங்கே குரல் ஒரு சொல்லை நோக்கிப் போகிறது, எட்டுமா என்று தெரியாமல் போகிறது, எட்டுகிறது. இங்கே எல்லாச் சொல்லும் ஏற்கெனவே எட்டப்பட்டவை. மூக்கொலி இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, ஆபத்து இல்லை. பம்பா பாக்யாவுக்கும் அப்படியே. '2.0' (2018) படத்தின் 'புள்ளினங்காள்' பாட்டிலும், மறைவதற்குச் சில கிழமைகள் முன்பு வெளியான 'பொன்னி நதி' பாட்டிலும் அவரது அடித்தொண்டை பூமிக்கடியிலிருந்து வருவதுபோல் வரும். இங்கே அது தாளக்கட்டுக்கு நல்ல துணையாக இருக்கிறது, அவ்வளவுதான். எழுச்சிப் பாட்டு என்ற அளவில் இது மோசமில்லை. புதிய இரண்டு இளைஞர்களைப் பாடவைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதே என் தீர்ப்பு.

ஜேர்மனியில் 'கிராஃப்ட்வேர்க்' என்றொரு குழு உண்டு. 1970இல் டுஸ்ஸல்டோர்ஃப் நகரில் ஆரம்பித்தவர்கள். பின்னால் டெக்னோ என்று உலகமெங்கும் பரவிய மின்னணு இசைக்கு மூதாதையர் இவர்கள்தான் என்பார்கள். 1978இல் 'மனித இயந்திரம்' என்ற பொருளில் பெயர் வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். தங்கள் குரல்களையே கருவிக்குள் செலுத்தி எந்திர மனிதரின் பேச்சாக்கிக் காட்டினார்கள். கேட்டால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதில் ஏமாற்றில்லை. உயிரோடிருந்த மனிதர்கள், தம் சொந்தக் குரலை, தாமே விரும்பி, இயந்திரமாக்கினார்கள். இயந்திரம் இயந்திரமென்றே ஒலித்தது. இங்கே நடப்பது அதற்கு மறுதலை: இயந்திரம் மனிதராக ஒலிக்கிறது, அந்த மனிதரிடம் கேட்க வழியில்லை.

குடும்பத்தாரிடம் கேட்டார்களே என்பார்கள். அது நல்ல காரியம், குறைத்துப் பேசக்கூடாது. 2023இல் 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேளாமலே உண்டாக்கியதற்காக அவருடைய மகன் சரண் சட்ட அறிவித்தல் அனுப்ப வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் ரஹ்மானின் நடத்தை கண்ணியமானது. ஏழைப் பாடகனின் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்ததையும் நான் சின்ன விடயமாக எண்ணவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. மையித்தானவரின் வீடு, காணி, கடன் எல்லாம் வாரிசுக்கு வரும். அவர் எதைப் பாடுவார், எதைப் பாட மறுப்பார் என்ற தெரிவு வாரிசுக்கு வருமா? அது அவரோடு போய்விட்டதல்லவா? நம் வழக்கில் அமானிதம் என்றொரு சொல் உண்டு. ஒருவர் நம்பி விட்டுச்சென்ற பொருளை அப்படியே வைத்திருப்பவன்தான் அமானிதம் காப்பவன். பெருக்கித் தருகிறேன் என்று அதை வியாபாரத்தில் போடுகிறவன், இலாபமே வந்தாலும், கேட்காமல் போட்டவன்தான்.

என் வகுப்பில் ஒரு தடவை நடந்தது. முன்னேற்ற அறிக்கையில் பெற்றார் ஒப்பம் வாங்கிவரச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் கொண்டுவந்த ஒப்பம் அச்சு அசல் தகப்பனுடையது. தகப்பன் அந்தத் தவணை தொடங்குமுன்னரே இறந்திருந்தார். பழைய அறிக்கையைப் பார்த்துப் பையனே போட்டிருந்தான். கோட்டில் ஒரு பிழையில்லை. பிழை எங்கேயென்றால், அந்த மனிதர் மகனுடைய புள்ளிகளைப் பார்க்கவில்லை. நான் பையனை ஏசவில்லை. எதற்காக அப்படிச் செய்தான் என்பது விளங்கியது. ஆனால் அதை ஒப்பமென்று ஏற்கவும் முடியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடவும் கூடாது. 2023 நவம்பரில் வெளியான பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அன்ட் தென்' பாட்டிலும் கணினியின் உதவி உண்டு. ஆனால் அங்கே ஜோன் லெனன் உயிரோடிருந்தபோது தானே பியானோவோடு பாடி ஒலிநாடாவில் பதிந்து வைத்த குரலைத்தான் இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். புதைந்ததைத் தோண்டிக் கழுவினார்கள். புதிதாக வார்க்கவில்லை. யுவன் சங்கர் ராஜா செய்தது வேறொன்று. அவரது தமக்கை பவதாரிணி 2024 ஜனவரியில் இறந்தார். அதே வருடம் 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் தமக்கையின் குரலை இந்த நுட்பத்தால் கொண்டுவந்தார். அந்தப் பாட்டை விமர்சிக்க எனக்கு நா எழவில்லை. அது ஒரு தம்பியின் அழுகை. அழுகைக்கு நியாயம் கேட்பதில்லை. ஆனால் அழுகையை உரலில் போட்டு எல்லோருக்கும் உரியதாக இடித்துக் கொடுக்கும்போது, அடுத்து வருகிறவர் அழாமலே இதைச் செய்வார் என்ற பயம் வருகிறது.

எங்கள் மலையகத்துக்கு இதில் தனியான ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த நாட்டார் பாடல்கள் நூலாக இருக்கின்றன. சொல் இருக்கிறது. பாடிய பெண்களின் தொண்டை இல்லை. எந்த இடத்தில் இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள், யாருக்குத் தெரியும்? குரலை இழந்த சொற்களோடு வாழ்ந்து பழகிய எங்களிடம்தான் இப்போது, ஆளை இழந்த குரல் வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆசை வராமல் இருக்குமா?

இதையெல்லாம் அந்த இளைஞனிடம் சொன்னேன். கட்டுரையில் உள்ளதைவிடச் சுருக்கமாகத்தான். அவன் கேட்டுவிட்டு, "சேர் சொல்றது சரி. ஆனா ரஹ்மான் செஞ்சா டெக்னோலொஜி, நான் செஞ்சா ஒப்பம் களவா?" என்றான். பதில் இல்லை. பிறகு, "எங்கப்பாவோட அந்தப் பாட்டு முழுசா யாருக்கும் வராது சேர். நான் செய்யாட்டி அது இல்லாமலே போயிரும்" என்றான். அதற்கும் என்னிடம் சரியான பதிலில்லை.

அவன் செய்தான். ஜனவரியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து போனைக் காதில் வைத்தான். தன் தகப்பனின் நோட்டுக் கொப்பியில் இருந்த அடிகளைத் தானே பாடி, குரலை மாற்றியிருக்கிறான். முதல் அடியில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்த மனிதரேதான். ஈசனின் கோபத்தில் எரிந்துபோன மன்மதன் மீண்டும் உயிர்பெற்றாலும் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்பது கூத்தின் கதை. அந்தக் கட்டத்துக்கு முந்திய ஒப்பாரி அது. நான் நன்றாக இருக்கிறது என்றேன். பொய்யில்லை. அசலையும் போடச் சொன்னேன். அதில் அவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தொண்டையைச் செருமுகிறார். தப்புச் சத்தம் பிந்திவிட்ட ஓரிடத்தில் பாட்டை நிறுத்தாமலே தப்புக்காரரை முறைத்திருக்க வேண்டும், அடி சற்று நீள்கிறது. மகன் செய்ததில் தாளம் பிசகவில்லை.

"அம்மாவுக்குப் போட்டுக் காட்டினியா?"

"காட்டுனேன் சேர். ரெண்டு தரம் கேட்டுச்சு. ஒன்னும் சொல்லல்ல. பெறகு, ஊருக்கு வேணாம், இது வீட்டுக்குள்ள இருக்கட்டும்னுச்சு."

2025 மார்ச்சில் கூத்து நடந்தது. நானும் போயிருந்தேன். ரதியின் ஒப்பாரி வந்தபோது ஒலிபெருக்கியில் பழைய நாலு நிமிடத்தைத்தான் போட்டார்கள். நடுவில் யாரோ "டேய், லைட்டத் தூக்கிப் புடி" என்று கத்துவதும் சேர்ந்தே ஒலித்தது, சனம் சிரித்தது. பதிவு முடிந்த இடத்தில் தப்புக்காரர்கள் விடாமல் அடித்துக்கொண்டிருக்க, அவன் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தக் குரலில் மிச்சத்தைப் பாடினான். கட்டைக் குரல். மூன்றாவது அடியில் மெட்டை விட்டுவிட்டான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். முழுப்பாட்டும் தெரியாதென்றாலும் அந்த அடி அவருக்குத் தெரிந்திருந்தது.